பிரதமரைக் காக்கும் எஸ்பிஜி: காப்பாற்றிய கதைகள் மட்டும் ஏன் பதிவாவதில்லை?

பிரதமரைச் சுற்றிக் கருப்புக் கண்ணாடி, காதில் கருவியோடு நிற்பவர்களை டிவியில் தினமும் பார்க்கிறோம். இந்தப் பாதுகாப்பு முறை எப்படி வந்தது, யார் வளர்த்தது என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். கிடைக்கும் பதிலும் ஒரு கொலையில்தான் ஆரம்பிக்கிறது.

எஸ்பிஜி எப்படி வந்தது?

1984 அக்டோபர் 31-ல் பிரதமர் இந்திரா காந்தியை அவரது பாதுகாவலர்கள் இருவரே டெல்லி இல்லத்தில் சுட்டுக் கொன்றனர். அடுத்த ஆண்டே சிறப்புப் பாதுகாப்புக் குழு, அதாவது எஸ்பிஜி உருவானது. 1988-ல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது.

ஆனால், பதவியில் இருக்கும் பிரதமருக்கும் குடும்பத்துக்கும் மட்டுமே அந்தச் சட்டம் அப்போது பொருந்தியது. 1989-ல் ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்த பிறகு, அவருக்கான எஸ்பிஜி பாதுகாப்பு விலக்கப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர் மாற்றியது என்ன?

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர் பிரசாரக் கூட்டத்தில் ராஜீவ் கொல்லப்பட்டார். பணியில் இருந்த காவலர்களும் அவரோடு உயிரிழந்தனர். பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரிக்க வர்மா ஆணையம் அமைக்கப்பட்டது. முன்னாள் பிரதமர்களையும் சேர்த்து அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 2019-ல் அந்த வரம்பு மீண்டும் சுருக்கப்பட்டது.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு இழப்பு இருக்கிறது. அந்த இழப்புகள் ஆணைய அறிக்கைகளாகவும் நீதிமன்ற ஆவணங்களாகவும் பதிவாகிவிட்டன.

அப்போ வெற்றிகள்?

இங்குதான் சிக்கல். எதுவும் நடக்காத நாள்தான் பாதுகாவலரின் வெற்றி. நடக்காத சம்பவத்துக்கு எஃப்ஐஆர் கிடையாது, விசாரணை ஆணையமும் கிடையாது. அனுமதி இல்லாமல் எஸ்பிஜி வீரர்கள் பத்திரிகைகளிடம் பேசவோ, புத்தகம் வெளியிடவோ சட்டம் தடை போடுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் எஸ்பிஜிக்கு விலக்கு உண்டு.

அமெரிக்காவில் என்ன நிலை?

1963-ல் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது ஓடும் காரில் தாவி ஏறிய சீக்ரெட் சர்வீஸ் வீரர் கிளின்ட் ஹில், சுமார் 50 ஆண்டுகள் கழித்துத் தன் அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதினார். கென்னடி கொலை ஆவணங்களை வெளியிட 1992-ல் தனிச் சட்டமே வந்தது.

ஆனா அங்கேயும் ஓட்டை உண்டு. சட்டம் வந்த பிறகும், கென்னடியின் 1963 பயணங்கள் சிலவற்றின் பாதுகாப்பு அறிக்கைகளை சீக்ரெட் சர்வீஸ் 1995-ல் அழித்துவிட்டது. ஆவணங்களைப் பரிசீலித்த வாரியமே தன் இறுதி அறிக்கையில் இதைச் சொல்லியிருக்கிறது.

வெளியே சொன்னால் ஆபத்து இல்லையா?

இன்றைய பயண வழி, வீரர்களின் எண்ணிக்கை, கருவிகள் எல்லாம் ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 40 ஆண்டுகளுக்கு முந்தைய பயிற்சி, கூட்டத்தைச் சமாளித்த விதம், தலைவரே பேச்சைக் கேட்காதபோது எடுத்த முடிவு போன்றவை பாடங்கள். ஓய்வுபெற்றவர்களின் அனுபவங்களை அரசே பேட்டியாகப் பதிவு செய்து, குறிப்பிட்ட காலம் கழித்து வெளியிடலாம். ரகசியமும் கெடாது, அனுபவமும் அழியாது.

1985-ல் 25 வயதில் எஸ்பிஜியில் சேர்ந்தவருக்கு 2025-ல் 65 வயது. பதிவு செய்ய இன்னும் நிறைய காலம் இல்லை.