பிறப்பே தொழில்: க்ளூம்ஹேவன் விளையாட்டும் ‘அரசியல் பேசாதே’ கூட்டமும்

ஒரு கணினி விளையாட்டைப் பற்றி அதை ஆடுகிறவர்கள் என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம். கேமரா சரியாகத் திரும்பவில்லை என்று சொல்லலாம். நான்கு பேர் சேர்ந்து ஆடும்போது நடுவில் நின்றுவிடுகிறது என்று புலம்பலாம். கை தவறி ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டேன், போச்சு, ஒரு மணி நேர ஆட்டம் வீண் என்று திட்டலாம். இவையெல்லாம் பின்னூட்டம். ‘இந்த விளையாட்டில் ஒருவர் என்ன வேலை செய்வார் என்பதை ஏன் அவர் பிறப்பே முடிவு செய்கிறது?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அது பின்னூட்டம் அல்ல, அரசியல். “விளையாட்டில் அரசியலைக் கொண்டு வராதீர்கள்” என்று உடனே பத்துப் பேர் கிளம்பி வருவார்கள்.

கொண்டு வந்தது யார் என்பதுதான் நமது கேள்வி.

பெயர் தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறோம். க்ளூம்ஹேவன் என்பது ஐசக் சில்ட்ரஸ் என்கிற அமெரிக்கர் வடிவமைத்து 2017இல் வெளிவந்த பலகை விளையாட்டு. இருண்ட நகரம் ஒன்று, அதைச் சுற்றிப் பாழடைந்த குகைகள், கூலிக்குச் சண்டை போடும் ஒரு குழு. பகடை கிடையாது, கையிலிருக்கும் சீட்டுகளை வைத்துத்தான் ஒவ்வொரு நகர்வும். பெட்டி ஏறக்குறைய 10 கிலோ, வெளிவந்த காலத்தில் விலை 140 டாலராக இருந்தது. பலகை விளையாட்டுப் பிரியர்களின் உலகத் தரவரிசையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் முதலிடத்தில் இருந்தது. அத்தனை பெரிய பெட்டியைக் கப்பலேற்றி வரவழைத்து, விரித்து ஆடப் பெரிய மேசையும் வைத்திருக்கிற வீடுகள் எந்தத் தெருவில் இருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. 2019 ஜூலையில் ஃப்ளேமிங் ஃபவுல் என்ற நிறுவனம் இதன் டிஜிட்டல் வடிவத்தை முடிக்காத நிலையிலேயே வெளியிட்டது. பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான். அப்படித்தான் இது எங்கள் மையத்தின் பழைய மடிக்கணினி வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த டிஜிட்டல் வடிவத்தின் வரலாறே பின்னூட்டத்தின் வரலாறுதான். முதலில் வந்ததில் மூலக் கதை இல்லை. குகைகளைத் தற்செயலாக அடுக்கித் தரும் ஒரு ஆட்டம் மட்டும் இருந்தது. ஆடுகிறவர்கள் விடவில்லை, பலகையில் உள்ள முழுக் கதையும் வேண்டும் என்றார்கள். 2021 அக்டோபரில் முழுமையாக வெளிவந்தபோது மூல விளையாட்டின் 95 காட்சிகளும் உள்ளே வந்தன. ஆகவே, ‘உருவாக்கியவரின் கற்பனை, அதில் கை வைக்கக் கூடாது’ என்கிற வாதம் இங்கே செல்லாது. தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள்தான் நாம் கேட்கும்போது மட்டும் கற்பனையின் புனிதத்தைப் பேசுகிறார்கள்.

சரி, நாம் கேட்பது என்ன?

இந்த விளையாட்டில் மொத்தம் 17 பாத்திரங்கள். ஒவ்வொன்றும் ஓர் இனத்தோடும் ஒரு தொழிலோடும் ஒட்டி வருகிறது. பிரித்துத் தேர்ந்தெடுக்க முடியாது. கொம்பு முளைத்த பெரிய உருவம் இனாக்ஸ். அவர் ‘ப்ரூட்’, அதாவது முரடர். குட்டை உருவமான குவாட்ரில் கைவேலைக்கும் இயந்திரத்துக்கும் பிறந்தவர். அவர் ‘டிங்கரர்’, கருவி பழுது பார்ப்பவர். சிந்தனையில் ஆழ்ந்த ஆர்க்கிட்டுக்கு மந்திரம். எலி போன்ற வெர்ம்லிங், மற்றவர் விட்டதைப் பொறுக்கி வாழ்கிறவர், அறிவு குறைந்தவர். பெயரிலேயே ஆங்கிலத்தில் பூச்சி புழுக்களை, எலியைக் குறிக்கிற சொல் ஒளிந்திருக்கிறது. மனிதர்களுக்கு மட்டும் பலவகைத் தன்மை உண்டு. அவர்கள் எப்படியும் இருக்கலாம்.

முரடு, கைவேலை, மந்திரம், பொறுக்குதல். இந்த அடுக்கை எங்கேயோ பார்த்தது போல் இருக்கிறதா?

எங்கள் மாலை நேர மையத்தில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் சில வாரங்கள் இதை ஆடினார்கள். விளையாட்டு தமிழில் கிடையாது. அறிமுக வரிகளை நாங்கள்தான் கூட உட்கார்ந்து வாசித்துச் சொன்னோம். ‘ரேஸ்’ என்ற சொல் வந்ததும் நாங்கள் ‘இனம்’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் கேட்டுவிட்டான்: “ஜாதிதானேக்கா?” இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பிறந்த கூட்டம் எதுவோ அதுதான் தொழில், அதுதான் குணம், அதுதான் ஊரில் உள்ள மரியாதை என்றால் அதற்கு எங்கள் தெருவில் வேறு பெயர் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: சாதி வேலைகளைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே படிப்படியாக அடுக்கிப் பிரிப்பது. அமெரிக்காவில் உட்கார்ந்து விளையாட்டு வடிவமைத்தவர் இதைப் படித்திருக்க வேண்டியதில்லை. படிக்காமலே அதே அடுக்கைக் கட்ட முடிகிறது என்பதுதான் கவலை தருவது.

“அது எலிதானே, கற்பனைதானே, யாரையும் குறிக்கவில்லையே?” என்பார்கள். பீகாரில் முசஹர் என்று ஒரு தலித் சமூகம் இருக்கிறது. அந்தப் பெயருக்கே எலி தின்கிறவர் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். மனிதரை எலியோடு சேர்த்துப் பெயர் வைப்பதும், அந்தப் பெயரையே அடையாளமாக்கித் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைப்பதும் நமக்குக் கற்பனை உலகச் செய்தி அல்ல.

இன்னொரு பதிலும் உண்டு, அது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. “வெர்ம்லிங் பாத்திரம்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மனசாலேயே எதிரியை வீழ்த்துகிற ‘மைண்ட்தீஃப்’ அவர்தான். ஒடுக்கப்பட்டவரை நாயகராக்கியிருக்கிறார்களே?” ஆமாம். அறிவு குறைந்த கூட்டம் என்று அறிமுகப்படுத்திவிட்டு, அதிலிருந்து ஒருவரை அதிசயமாகத் தூக்கிக் காட்டுகிறார்கள். “உங்களைப் பார்த்தால் எஸ்.சி. மாதிரியே தெரியலையே” என்ற பாராட்டை அலுவலகத்தில், வாடகை வீட்டில், கல்லூரி விடுதியில் கேட்டவர்களுக்கு இந்தத் தூக்கிக் காட்டல் பழகிய ஒன்று. அந்த ஒருவரைப் பாராட்டுவதே மற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று உறுதி செய்வதற்கு.

வேடிக்கை என்னவென்றால், நம்மோடு சண்டைக்கு வருகிறவர்களைவிட விளையாட்டை உருவாக்கியவர் ஒரு படி முன்னால் போய்விட்டார். இதன் அடுத்த பாகமான ஃப்ராஸ்ட்ஹேவனுக்கு 2020இல் கூட்டு நிதியாகக் கிட்டத்தட்ட 1.3 கோடி டாலர் திரண்டது. வடக்கே பனிநிலத்தில் புதிதாகக் குடியேறிய ஊரைக் காப்பது கதை; அங்கே ஏற்கெனவே வாழ்கிற அல்காக்ஸ் மக்கள் மோத வருகிற எதிரிகள். தான் எழுதியதில் காலனியப் பார்வை இருப்பதை உணர்ந்த சில்ட்ரஸ், 2021இல் ஜேம்ஸ் மெண்டெஸ் ஹோட்ஸ் என்ற பண்பாட்டு ஆலோசகரை அமர்த்திக் கதைப்பகுதியைத் திருத்தினார். பணம் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள், தணிக்கை என்றார்கள். ஒரு சண்டை விதி மாறவில்லை, ஒரு சீட்டு குறையவில்லை; சில பத்திகளை மாற்றி எழுதியதற்கே அந்தக் கொதிப்பு. க்ளூம்ஹேவனின் இரண்டாம் பதிப்பில் இனாக்ஸ் ‘ப்ரூட்’ என்ற பெயரை விட்டு ‘ப்ரூசர்’ ஆனார். இதே வகையின் தாத்தாவான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸே 2024 விதிப்புத்தகத்தில் ‘ரேஸ்’ என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டது.

அச்சடித்த பெட்டியில் ஒரு பெயரை மாற்றப் புதிய பதிப்பு வேண்டும். மென்பொருளில் ஒரு புதுப்பிப்பு போதும். ஆனால் சில்ட்ரஸ் தவறை உணர்ந்து திருத்திய அதே 2021இன் இறுதியில் வெளிவந்த டிஜிட்டல் வடிவத்தில் இனாக்ஸ் அதே பழைய ‘ப்ரூட்’டாகத்தான் வந்து நின்றார். பிழை திருத்தப் பட்டியல்கள் மாதக் கணக்கில் வந்துகொண்டிருந்தபோது இதை யாரும் பிழை என்று எண்ணவில்லை.

மாற்றங்களையும் அளவுக்கு மீறிக் கொண்டாட நாம் தயாராக இல்லை. மாறியவை பெயரும் வருணனையும். இந்த இனத்துக்கு இந்தத் தொழில் என்கிற ஒட்டு அப்படியே இருக்கிறது. ‘தீண்டத்தகாதவர்’ என்பதை ‘அரிசன்’ என்று மாற்றிய வித்தையைக் கண்டவர்கள் நாம். சேரிக்குக் ‘காலனி’ என்று பெயர் வைத்த பிறகும் தேர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“தொழில்நுட்பக் குறையும் இதுவும் ஒன்றா?” என்று நல்லெண்ணத்தோடு கேட்கிற நண்பர்களும் உண்டு. ஒன்றுதான் என்கிறோம். எந்தச் சீட்டு எந்தப் பாத்திரத்தின் கையில் இருக்கும் என்று வடிவமைப்பாளர் முடிவு செய்கிறார். எந்தப் பிறப்புக்கு எந்தத் தொழில் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். இரண்டும் விதிதான். 1904இல் லிஸ்ஸி மேகி என்ற பெண் நிலவுடைமைச் சுரண்டலை விளக்கக் காப்புரிமை பெற்ற பலகை விளையாட்டிலிருந்துதான் பிறகு மோனோபொலி வந்தது. விளையாட்டின் விதிகள் சமூகத்தைப் பேசுகின்றன என்று அவருக்கு அன்றே தெரிந்திருந்தது.

ஃப்ராஸ்ட்ஹேவனின் டிஜிட்டல் வடிவமும் 2025இல் முடிக்காத நிலையில் வெளிவந்து, ஆடுகிறவர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறது. ஆடுகிற தோழர்கள் கேமராவைப் பற்றி எழுதும்போதே இதையும் எழுதுங்கள்: இனத்தைத் தனியாகவும் தொழிலைத் தனியாகவும் தேர்ந்தெடுக்க வழி வையுங்கள். எங்கள் மையத்துப் பிள்ளைகள் கேட்டதும் அவ்வளவுதான். மூன்றாவது வாரத்தில் அவர்களில் ஒருத்தி வெர்ம்லிங்கை டிங்கரராக மாற்ற எங்கே அழுத்த வேண்டும் என்று எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.