ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தவருக்கு நடந்தது என்ன?

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போகும்போது உங்களில் எத்தனை பேருக்குச் சந்தா சாஹிபின் நினைவு வருகிறது?

1752 ஜூன் மாதம். திருச்சிக் கோட்டையை முற்றுகையிட வந்த பிரெஞ்சுப் படையும் சந்தா சாஹிபும் ஸ்ரீரங்கம் தீவில் சிக்கிக்கொண்டார்கள். சமயபுரத்தில் கிளைவ் வழியை அடைத்தான். உணவு வரவில்லை. தப்பிக்க வழி தேடிய சந்தா சாஹிபுக்குத் தஞ்சைத் தளபதி மானோஜி பாதுகாப்பு தருவதாகச் சத்தியம் செய்தார். நம்பிப் போனவரைச் சிறைபிடித்தார்கள். கைதி யாருக்கு என்று நவாப் முஹம்மது அலி, மைசூரார், மராட்டியர், தஞ்சையார் எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். எங்கள் காவலில் வைக்கிறோம் என்றார் ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ். யாரும் ஒப்பவில்லை. அவரும் கையைக் கழுவிக்கொண்டார். மானோஜி தலையை வெட்டச் செய்தார்!

அதே நாட்களில் அதே தீவில் சரணடைந்த பிரெஞ்சுக்காரர்கள் ஏறக்குறைய 800 பேர். அவர்கள் கழுத்தில் யாரும் கத்தி வைத்தார்களா? இல்லை! அவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. ஒரே போர், கைதிக்குக் கைதி ஒரு நீதியா?

சந்தா சாஹிப் உத்தமரா என்று கேட்பீர்கள். இல்லை. 1736-ல் இதே திருச்சியை ராணி மீனாட்சியிடமிருந்து பறித்தவர் அவர். குர்ஆன் என்று சொல்லிச் செங்கல்லின் மீது சத்தியம் செய்து ஏமாற்றினார் என்பதே வழிவழியாக வரும் செய்தி. ராணி விஷம் குடித்து மாண்டாள். நம்மவர் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டுமா? ஆனால் கைதியின் உரிமை அவன் நல்லவனா என்று பார்த்து வருவதல்ல. பத்ருப் போரில் பிடிபட்டவர்கள் நபி (ஸல்) அவர்களைக் கொல்ல வந்தவர்கள்தானே? அவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்துவிட்டு, பிடித்தவர்கள் பேரீச்சம்பழத்தைத் தின்றார்கள். எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள். போர்க்கைதிகளுக்கான இன்றைய ஜெனீவா உடன்படிக்கை 1949-ல் வந்தது. அதற்கென்று இந்தியா தனிச் சட்டம் போட்டது 1960-ல்.

சரி, இன்று திருச்சியில் என்ன நடக்கிறது? மத்திய சிறை வளாகத்திலேயே 'சிறப்பு முகாம்' என்று ஒன்று. பெயர்தான் முகாம்! இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்களை அங்கே அடைக்கிறார்கள். போர்க்கைதி என்றால் ஜெனீவா பேசும். குற்றவாளி என்றால் தண்டனைக் காலம் முடியும். இவர்கள் இரண்டும் இல்லை. வெளிநாட்டவர் தொடர்பான சட்டத்தின் ஒரு காகிதம் போதும், கதவு சாத்தப்படும்.

ராஜீவ் காந்தி வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமே விடுதலை செய்த சாந்தன் எங்கே கொண்டுபோகப்பட்டார்? இதே முகாமுக்கு! தாயைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும் என்று மனு மேல் மனு போட்டார். 2024 பிப்ரவரி 28-ல் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். ஊருக்குப் போனது அவருடைய உடல்.

நத்தர் வலி தர்காவுக்குப் போகிறவர்கள் அங்கே சந்தா சாஹிபின் கப்ரைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வழக்கு இல்லாதவரையும், தண்டனை முடிந்தவரையும் எந்த நியாயத்தில் அடைத்து வைக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.