கிடங்கில் தூங்கும் பணம்

2019 ஆகஸ்ட் தொடக்கம். இடுக்கி மாவட்டம் புற்றடியில் உள்ள ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக ரூ.7,000 வரை போனது. அதுவரை யாரும் கண்டிராத விலை. 2018 ஆகஸ்ட் வெள்ளமும் அதற்கடுத்த கோடையின் வறட்சியும் தோட்டங்களைப் படுக்கவைத்திருந்தன. சந்தைக்குக் காய் வரவில்லை. கையில் சரக்கு வைத்திருந்தவர்தான் அன்று ராஜா. 'இன்னும் ஏறும்' என்று மூட்டையைப் பிரிக்காமல் காத்திருந்தவர்களுக்கோ காலம் வேறு பாடம் வைத்திருந்தது. 2022 தொடக்கத்தில் அதே ஏலக்காயின் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது.

இப்படி அடிபட்ட வியாபாரிக்கு ஒரு யோசனை தோன்றுவது இயல்பு. சரக்கு இருப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒரு நிபுணரை ஆலோசகராக வைத்துக்கொண்டால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் அவர் எந்த நோய்க்கு மருந்து தருவார், எந்த நோய்க்குத் தரமாட்டார் என்று தெரியாமல் கூப்பிட்டால் கட்டணமும் வீண், காலமும் வீண்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிடங்கில் இருக்கும் சரக்கு இரண்டு வகை. வாடிக்கையாளருக்கு இல்லையென்று சொல்லாமல் இருப்பதற்காக வைத்திருப்பது ஒன்று. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வைத்திருப்பது மற்றொன்று. முன்னது வியாபாரம். பின்னது பந்தயம். போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டிலும் இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே மாதிரி சாக்கில்தான் இருக்கின்றன. அதனால் முதலாளிக்கே இது எது, அது எது என்று குழம்பிப்போகிறது. ஆலோசகர் கணக்குப் போட்டுச் சீர்செய்யக்கூடியது முதல் வகையை மட்டுமே. நாளைய ஏலக்காய் விலை இன்னதென்று சொல்லும் ஆலோசகர் யாராவது வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது.

பந்தயத்துக்கு என்ன செலவாகிறது என்பதை மட்டும் அவரால் காட்ட முடியும். உதாரணத்துக்கு, கிலோ ரூ.2,000 வீதம் 500 கிலோ வாங்கி வைத்தால் முதலீடு ரூ.10 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் ரூ.10,000. ஆறு மாதம் காத்திருந்தால் ரூ.60,000. அதாவது கிலோவுக்கு ரூ.120 விலை ஏறினால்தான் வட்டியே ஈடாகும். வாடகை, காப்பீடு தனி. போதாக்குறைக்கு, ஏலக்காயின் அழகே அதன் பச்சை நிறம். வெளிச்சம் பட்டால் வெளுக்கும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். நிறம் போனால் தரம் இறங்கும், தரம் இறங்கினால் விலையும் இறங்கும். காத்திருப்பதற்குச் சந்தை விலை மட்டுமே காரணம் என்றால் எதிர்த்தட்டில் இத்தனையையும் வைத்து எடைபோட வேண்டும்.

எல்லைப்புற வியாபாரிக்கு இன்னொரு சுமையும் உண்டு. பாலக்காடு மாவட்டத்து வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. கோவையிலிருந்து அதிக தூரமில்லாத கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குக் கூட மூலப்பொருள் எப்போது வரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. குமுளியிலும் கம்பம்மெட்டிலும் கதை இதுதான். 2017 ஜூலை 1-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போனது. 2018 ஏப்ரலிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு போதுமென்றானது.

சாலையில் நடந்த இந்த மாற்றம் கிடங்கில் நடந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு சின்னக் கணக்கு. ஆலைக்குத் தினம் 10 மூட்டை தேவை. ஆர்டர் கொடுத்தால் பெரும்பாலும் 3 நாளில் வரும், சில தடவை 9 நாளாகும். அந்த 6 நாள் சந்தேகத்துக்காக 60 மூட்டை எப்போதும் கையிருப்பில் கிடக்க வேண்டும். இப்போது அதிகபட்சம் 4 நாளில் வந்துவிடுகிறது என்றால் 10 மூட்டை போதும். மீதி 50 மூட்டையில் முடங்கிய பணத்தை எடுத்து வேறு காரியம் பார்க்கலாம். ஆனால் 'அப்பா காலத்திலிருந்து அறுபது மூட்டைதான் வைப்போம்' என்று சொல்லும் நிறுவனத்தில் சாவடி போன பிறகும் சாவடிக்கான சரக்கு போகாது. பழக்கத்தைப் புதிய கண்ணால் பார்ப்பதற்குத்தான் வெளியாள் தேவைப்படுகிறார்.

இந்த ஆலோசகர்களின் மூலமந்திரத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1913-ல் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு தொழில் பத்திரிகையில் எழுதிய சிறு கட்டுரைதான் அதன் பிறப்பிடம். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு குறையும் என்பதை அவர் ஒரு சூத்திரத்தில் அடக்கினார். ஆண்டுத் தேவையை ஒரு தடவை ஆர்டர் செய்யும் செலவால் பெருக்கி, இரட்டித்து, ஒரு சரக்கை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். ஆண்டுக்கு 1,200 பெட்டி விற்கும் கடை. ஒவ்வொரு ஆர்டருக்கும் லாரி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து ரூ.500. ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்க ரூ.30. சூத்திரம் சொல்லும் விடை 200 பெட்டி. வருடத்துக்கு ஆறு ஆர்டர், இரு செலவும் சேர்ந்து ரூ.6,000. மொத்தத்தையும் ஒரேயடியாக வாங்கிப் போட்டால் ரூ.18,500. மாதாமாதம் நூறு நூறாக வாங்கினால் ரூ.7,500.

சூத்திரம் சரி. மலை அதற்குக் கட்டுப்படுமா? ஆண்டு முழுதும் ஒரே சீராக விற்கும் பொருளுக்குத்தான் ஹாரிஸின் கணக்கு. ஏலத்தோட்டங்களில் அழுகல் நோயைத் தடுக்கத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே போர்டோ கலவை தெளிக்க வேண்டும். அந்தச் சில வாரங்களில் கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ உள்ள உரக்கடையில் மயில்துத்தம் இல்லையென்றால் தோட்டக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உரமும் அங்கேதான் வாங்குவார். மழை பிடித்துவிட்ட பிறகு வந்திறங்கும் சரக்கால் பயன் குறைவு. பூச்சிமருந்துக்கோ காலாவதித் தேதி வேறு. தேதி தாண்டியதை விற்பது குற்றம். இந்தப் பருவக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கணிப்பொறியைத் திறக்கிற ஆலோசகர் இந்த ஊருக்கு உதவமாட்டார்.

அடுத்த கருவி 1951-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்டு டிக்கி பிரபலமாக்கிய ஏ, பி, சி வகைப்பாடு. எல்லாச் சரக்குக்கும் ஒரே அளவு கவனம் தேவையில்லை. பணத்தில் பெரும்பங்கை விழுங்கும் சில பொருள்கள் ஏ. அவற்றை அடிக்கடி எண்ண வேண்டும். எண்ணிக்கையில் அதிகம், மதிப்பில் சொற்பம் என்பவை சி. அவற்றைத் தாராளமாக வைத்துக்கொண்டு மறந்துவிடலாம். இதிலும் ஒரு பொறி உண்டு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் விசிறிக்கான பெல்ட் விலையில் அற்பம். அறுவடை உச்சத்தில் அது அறுந்து, மாற்று இல்லையென்றால் பச்சைக்காய் வீணாகும். அதனால்தான் விலையை மட்டும் பார்க்காமல், இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்றும் பார்த்து உயிர்நாடி, அவசியம், இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரிப்பதும் வழக்கத்தில் இருக்கிறது.

நல்ல ஆலோசகர் இவற்றையெல்லாம் முதல் நாளே எடுத்து விரிக்கமாட்டார். முதலில் எண்ணச் சொல்வார். ஏட்டில் 80 என்றிருப்பது தரையில் 63 ஆக இருக்கலாம். இரு மொழி புழங்கும் எல்லையில் இன்னொரு சிக்கலும் சேரும். ஒருவர் மயில்துத்தம் என்று எழுதுவதை அடுத்தவர் துருசு என்று எழுதினால் ஒரே சரக்கு இரண்டு பக்கங்களில் குடியிருக்கும். ஒரு பக்கத்தில் தீர்ந்துவிட்டதாகத் தெரிந்து புதிதாக வாங்குவார்கள். மறுபக்கத்தில் பழையது தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு எண் என்று ஆக்குவதே பாதி வைத்தியம். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு பொருளையும் எழுதிவைப்பது மீதியில் பாதி. விற்றது பில்லில் இருக்கும். விற்காமல் போனது எங்கேயும் இருக்காது.

வைத்தியத்துக்கு ஒத்துழைக்காத நோயாளிகளும் உண்டு. காரணம் வங்கி. ரொக்கக் கடன் வாங்கும் வியாபாரி மாதந்தோறும் சரக்கு இருப்பு அறிக்கை தர வேண்டும். 25 சதவீதம் விளிம்புத் தொகை என்றால் ரூ.1 கோடி சரக்கின் பேரில் ரூ.75 லட்சம் வரை எடுக்கலாம். சரக்கைக் குறைத்தால் எடுக்கும் வரம்பும் குறையும். நகராத பழைய சரக்கைக் கழித்துவிட்டு உண்மையை எழுதினாலும் குறையும். எனவே செத்த சரக்கு ஏட்டில் உயிரோடு நடமாடுகிறது. ஆலோசகர் எண்ணி முடித்ததும் வெளிவரப்போகும் எண் எது, அதை வங்கியிடம் எப்படிச் சொல்வது என்று முதலாளி முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவர் ஆலோசகரைக் கூப்பிடாமல் இருப்பதே மேல்.

துணிந்தவர் கவனிக்க வேண்டியவை சில. மென்பொருள் விற்க வருபவரும் ஆலோசகரும் ஒரே ஆளாக இருந்தால், எந்த நோய்க்கும் அந்த மென்பொருளே மருந்தாகும். குறைக்கும் சரக்கில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று பேசினால், அவர் தேவையானதையும் சேர்த்துக் குறைப்பார். கட்டணம் இரண்டைப் பொறுத்து இருக்கட்டும். சரக்கு ஆண்டுக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பது ஒன்று, 'இல்லை' நோட்டில் எத்தனை வரி குறைந்தது என்பது மற்றொன்று. முழு நிறுவனத்தையும் ஒப்படைக்காமல் ஒரே ஒரு சரக்குப் பிரிவில் மூன்று மாதம் பரிசோதித்துப் பார்ப்பது நலம். பருவச் சரக்கென்றால் ஒரு பருவம் முழுதும்.

செலவுக்கு அஞ்சும் சிறு ஆலைகளுக்கு அரசின் கதவும் திறந்திருக்கிறது. 1958-ல் தொடங்கிய தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் ஆலோசனைப் பணியும் செய்கிறது. 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய குறு, சிறு, நடுத்தர தொழில்களுக்கான 'லீன்' திட்டத்தில், ஆலோசகர் கட்டணம் உள்ளிட்ட அமலாக்கச் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது.

வெளியாள் வந்தால் மட்டும் விளக்கு எரிந்துவிடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதை வென்றது அதுவே முதல்முறை. ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து வழிகாட்டினார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் சொன்னதை நாள்தோறும் செய்தவர்கள் பாடித் தொழிலாளர்களும் மேலாளர்களும். கஞ்சிக்கோட்டு ஆலைக்கும் கட்டப்பனைக் கடைக்கும் அளவுதான் வேறு, விதி அதேதான். எந்த மூலையில் எந்த மூட்டை எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கிடங்குக்காரருக்கு ஏற்கெனவே தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அதற்காகக் கிடங்கைத் துடைத்துவைப்பதும் சாமர்த்தியம் ஆகாது. தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு மட்டும் என்ற டொயோட்டா பாணியைத் தொழிலுலகம் பல ஆண்டுகள் கொண்டாடியது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது. எல்லைகள் மூடின, ஏலக்காய் ஏலமும் நின்றது. அதன்பின் சிறு சில்லு ஒன்றில்லாமல் உலகின் பெரிய கார் ஆலைகளே முடங்கின. மழையில் மண் சரிந்தால் மலைப்பாதை மூடும் ஊரில் கொஞ்சம் சரக்கு உபரியாக இருக்கத்தான் வேண்டும். எவ்வளவு, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தால் அது பாதுகாப்பு. தெரியாவிட்டால் அது வெறும் மூட்டை. வட்டி மட்டும் அதன்மேல் ஞாயிற்றுக்கிழமையும் ஏறிக்கொண்டிருக்கும்.