நன்றிக்காக ஓட்டு விழாது

"16 வருஷம் பட்டினி கிடந்தவருக்கு வெறும் 90 ஓட்டு. நன்றி கெட்ட ஜனங்க!" இரோம் ஷர்மிளா பேச்சு வந்தாலே இதைத்தான் சொல்வாங்க. நானும் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். இப்போ அப்படி நினைக்கல. ஏன்னு சொல்றேன், இழை கொஞ்சம் நீளம்.

2000 நவம்பர். மணிப்பூரின் மாலோமில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கணும்னு ஷர்மிளா உண்ணாவிரதம் தொடங்கினார். அரசு தற்கொலை முயற்சி வழக்கு போட்டு, ஆஸ்பத்திரியில் வைத்து மூக்கு வழியா டியூபில் உணவு கொடுத்தது. எங்க வார்டுல அந்த டியூபை ரெண்டு நாள்ல பிடுங்கி எறியற பேஷன்ட் உண்டு. இவருக்கு 16 வருஷம்.

2016 ஆகஸ்டில் உண்ணாவிரதத்தை முடித்தார். அக்டோபரில் கட்சி. 2017 மார்ச்சில் தேர்தல். தௌபால் தொகுதியில் முதல்வர் இபோபி சிங்கை எதிர்த்து, சைக்கிளில் போய் ஓட்டு கேட்டார். நோட்டாவுக்கு விழுந்தது 143. இவருக்கு 90.

கட்சிக்கு வயசே அஞ்சு மாசம். தெருவுக்கு ஒரு ஆள் இல்ல, பூத்துக்கு ஏஜென்ட் இல்ல. ஓட்டுப் போடறவர் தியாகத்துக்கு மார்க் போடறதில்லங்க. நாளைக்கு ரேஷன் கார்டுக்கும் ரோட்டுக்கும் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம்னு பார்க்கறார். அதுல தப்பு என்ன இருக்கு?

பஞ்சாபிலும் இதே கதை. ஒரு வருஷத்துக்கு மேல டெல்லி எல்லையில் உட்கார்ந்து 3 வேளாண் சட்டங்களையும் வாபஸ் வாங்க வைத்த விவசாய சங்கங்களில் ஒரு பகுதி, 2021 டிசம்பரில் தேர்தல் அணி ஆரம்பித்தது. எல்லா சங்கமும் கூட வரல. ரெண்டு மாசத்தில் தேர்தல். ஒரு சீட்டும் இல்லை, தலைவர் ராஜேவாலுக்கே டெபாசிட் போச்சு. பழைய கட்சிகள் மேல இருந்த கோபம் 92 சீட்டா ஆம் ஆத்மிக்குப் போனது.

இலங்கையைப் பாருங்க. 2022 அரகலயவில் கோத்தபயவை விரட்டினது எந்தக் கட்சியுமில்லை. ஆனா 2020ல் 3 சீட் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி 2024ல் 159 வாங்கியது. அதோட முதுகெலும்பான ஜேவிபிக்குப் பல வருஷமா ஊர் ஊரா ஆள் இருந்தது. போராட்டம் பழையவர்களைச் செல்லாக்காசாக்கினப்போ, இவங்க தயாரா நின்னாங்க.

அதனால, உங்க ஊர்ல போராட்டத்திலிருந்து யாராவது சுயேச்சையா நின்னா, போஸ்டர் ஷேர் பண்றதோட நிக்காதீங்க. பூத்ல உட்கார ஆள் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா நீங்க போய் உட்காருங்க. நான் அரசு ஊழியர், எனக்கு அந்த அனுமதி கிடையாது.