ஒரு சாவி, இரண்டு பூட்டு

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருமானூர் போயிருந்தேன். பந்தி ஓய்ந்து, கொள்ளிடத்துக் காற்று வரும் திண்ணையில் சற்றே கால் நீட்டி உட்கார்ந்தபோது, அண்ணன் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. பந்தியில் அவள் இலையைப் பார்த்து யாரோ கேலி செய்திருக்கிறார்கள்.

"அத்தை, இதைப் பாருங்கள்" என்று கைபேசியை நீட்டினாள். 'மெலனோட்டான்' என்று ஒரு மருந்து. ஊசி போட்டுக்கொண்டால் தோல் கறுக்குமாம், பசியும் குறையுமாம். "நிறம் கறுத்தால் கறுக்கட்டும். பசி அடங்கினால் போதும்" என்றாள். எனக்குப் பகீரென்றது.

கறுப்பதற்கு ஊசியா என்று சிரிக்கிறீர்களா? நாம் வெளுக்கக் களிம்பு தடவுகிறோம். மேல்நாட்டார் வெயில் பட்ட நிறத்துக்கு ஏங்குகிறார்கள். அது கிடக்கட்டும். நிறத்துக்கும் பசிக்கும் என்ன உறவு?

நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகில் வெயில் பட்டதும் தோல் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. 13 மணி கோத்த சிறு மாலை மாதிரி, 13 அமினோ அமிலங்களால் ஆனது. நிறம் தரும் அணுக்களில் உள்ள பூட்டை இந்தச் சாவி திறக்கிறது, கருமை படர்கிறது. அது அழுக்கல்ல, உடம்பு விரிக்கும் குடை!

இதே ஹார்மோன் மூளையிலும் உண்டு. அங்கே வேறொரு பூட்டைத் திறந்து, "போதும், இலையை மடி" என்று சொல்கிறது. இரண்டு பூட்டும் அடைபட்டுப் பிறக்கும் ஒரு வகைச் சுண்டெலி உண்டு. அதன் மயிர் மஞ்சள், உடம்போ உருண்டை!

1980-களில் அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தார் இந்தச் சாவிக்குப் போலிச் சாவிகள் செய்தார்கள். எளிதில் தேயாத சாவிகள். அவற்றில் ஒன்றுதான் கைபேசியில் வந்த சரக்கு. அது எந்தப் பூட்டென்று பார்ப்பதில்லை. குமட்டும், வாந்தி வரும், மச்சங்கள் கறுத்து உருமாறும். மருந்தாக அனுமதி பெறாதது. குப்பியில் இருப்பது என்னவென்று யார் கண்டது?

முறைப்படி வந்த மருந்தும் ஒன்று உண்டு: செட்மெலனோடைட். இந்த ஹார்மோனே சுரக்காமல், ஓயாப் பசியோடு பிறந்த இரண்டு பெண்களுக்கு பெர்லின் வைத்தியர்கள் அதைக் கொடுத்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருத்திக்கு 42 வாரத்தில் 51 கிலோ குறைந்தது. கூடவே தோலும் கறுத்தது! 2020-ல் அமெரிக்கா அதை அனுமதித்தது. அப்போதும், அரிதான சில பிறவிக் கோளாறுகளுக்கு மட்டுமே. கல்யாணப் பந்தியில் கேலிக்கு ஆளாகும் பெண்களுக்கு அல்ல.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்களும் சிறு வயதில் எத்தனை முறை "தின்னிப் பண்டாரம்" என்ற மாதிரி ஏச்சுக் கேட்டிருப்பார்களோ! பசி குணக்கேடல்ல, சகோதரிகளே. உள்ளே ஒரு சாவி செய்யும் வேலை. கைக்குழந்தைப் பருவம் முதலே பசி அடங்காமல், எடை மளமளவென்று ஏறும் குழந்தையைத் திட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

அண்ணன் மகள் பேசாமல் அந்த விளம்பரத்தை அழித்தாள். இரவுப் பந்தியில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவள் இலையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகத்தையல்லவா முதலில் பார்க்க வேண்டும்!