பிராந்திய விமானிகளின் ஊதியமும் பணிநிலையும்: எங்கள் நிலைப்பாடு

சேலம், தூத்துக்குடி, ஹூப்ளி போன்ற ஊர்களை விமான வரைபடத்தில் நிலைநிறுத்தியிருப்பவை ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்கள். அவற்றை ஓட்டுபவர்களின் ஊதியம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் ஒரே ஓர் எண்தான் முன்வைக்கப்படுகிறது: பறக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, அல்லது மாதம் எத்தனை லட்சம். விமானப் பயணிகளும் விமானிகளும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பு, இந்த ஒப்பீட்டு முறை தவறு என்று கருதுகிறது. அது விமானிக்கு அநீதி இழைக்கிறது, பயணிக்கும் உண்மையை மறைக்கிறது.

எங்கள் நிலைப்பாடு

விமானியின் ஊதியத்தை அவர் பணியில் இருந்த மொத்த நேரத்தோடும், கிடைத்த ஓய்வோடும், கையெழுத்திட்ட ஒப்பந்தக் கட்டுப்பாடுகளோடும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அந்த விவரங்களை ஒவ்வொரு நிறுவனமும் ஒரே படிவத்தில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசின் மானியம் பெறும் வழித்தடங்களில் இது கட்டாய நிபந்தனையாக வேண்டும்.

பறந்த நேரமும் பணியில் இருந்த நேரமும்

விமானம் நிறுத்தத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை உள்ள நேரமே பறந்த நேரமாகக் கணக்கிடப்படுகிறது. வானிலையைப் படிப்பது, எரிபொருளைக் கணக்கிடுவது, விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பது, அடுத்த பயணிகள் ஏறும்வரை காத்திருப்பது எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏடிஆர் விமானி ஒரு நாளில் 50 நிமிடப் பயணங்கள் ஆறு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பறந்த நேரம் 5 மணி. இடையிடையே தரையில் அரை அரை மணியாக இரண்டரை மணி. முதல் பயணத்துக்கு முன் ஒரு மணி, கடைசிப் பயணத்துக்குப் பின் அரை மணி. ஆக, பணியில் இருந்தது 9 மணி. சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்பும் ஏர்பஸ் விமானி ஏறத்தாழ 5 மணி 40 நிமிடம் பறக்கிறார். நடுவில் ஒரு மணி, முன்னும் பின்னும் ஒன்றரை மணி சேர்த்தால் பணிநேரம் சுமார் 8 மணி 10 நிமிடம். பறக்கும் மணிக்கான கட்டணம் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும், பணியில் இருந்த ஒவ்வொரு மணிக்கும் ஏடிஆர் விமானி பெறுவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

வேலையின் பாரமோ அவருக்குத்தான் அதிகம். ஏர்பஸ் விமானிக்கு அன்றைக்கு இரண்டு தரையிறக்கம், இவருக்கு ஆறு. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் ஏற முடியாது. பருவமழைக் காலத்தில் பெரிய விமானம் தாண்டிப் போகும் மேகத்தை இவர் சுற்றித்தான் போக வேண்டும். தரையிறங்க வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவி நாட்டின் பல சிறு நிலையங்களில் இல்லை. தரையிறக்கங்கள் கூடக் கூடப் பணிநேர உச்சவரம்பு குறைய வேண்டும் என்று நம் விதிகளே சொல்கின்றன. விதி ஒப்புக்கொள்ளும் களைப்பை ஊதியக் கணக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊதியச் சீட்டில் தெரியாதவை

மாதத்துக்கு எத்தனை மணி நேரத்துக்கான ஊதியம் உறுதி என்பது முதல் கேள்வி. ஏர் இந்தியாவில் கொரோனாவுக்கு முன் இது 70 மணியாக இருந்தது. 2023-இல் வந்த புதிய ஊதியத் திட்டம் அதை 40 மணியாக வைத்தபோது விமானிகள் எதிர்த்தார்கள். மணிக்கட்டணத்தைத் தொடாமலேயே வருமானத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அடுத்தது வேலையை விடும் உரிமை. 2017 முதல் கேப்டனுக்கு ஓர் ஆண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம் முன்னறிவிப்புக் காலம் என்று விதி இருக்கிறது. இதோடு, ஒரு விமான வகையை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதித்தரும் பாண்டும் சேர்ந்தால், இளம் விமானி எந்த நிலையையும் சகித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அழைத்தால் பணிக்கு வரத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாட்களுக்கு ஊதியம் உண்டா, பணிப்பட்டியல் எத்தனை நாள் முன்பு கிடைக்கும், கடைசி நேரத்தில் எத்தனை முறை மாறும் என்பவையும் ஒப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

இது பயணியின் பிரச்சினை

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் பறந்த கோல்கன் ஏர் பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி மேற்குக் கரையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். அவருடைய ஆண்டு ஊதியம் 25,000 டாலரைக்கூடத் தொடவில்லை. கேப்டன் நியூவார்க்கில் விமானிகள் அறையிலேயே இரவைக் கழித்திருந்தார். வேகம் குறைந்த எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. குறைந்த ஊதியம் விபத்தை உண்டாக்கியது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பணியிடத்துக்கு அருகே வீடு எடுக்க முடியாத ஊதியம் விமானியை எப்படிக் களைப்போடு இருக்கையில் உட்கார வைக்கிறது என்பதை அந்த விசாரணை உலகுக்குக் காட்டியது.

அதன் பிறகு அமெரிக்கா 1,500 மணி நேர அனுபவ விதியையும், 2014 முதல் 10 மணி நேர ஓய்வு விதியையும் கொண்டுவந்தது. ஊதியம் மட்டும் மெதுவாகவே நகர்ந்தது. 2022 மார்ச்சில் விமானிகள் இல்லை என்று சொல்லி ஸ்கைவெஸ்ட் நிறுவனம் 29 ஊர்களின் சேவையைக் கைவிட முன்வந்தது. அதே ஆண்டு ஜூனில் பீட்மான்ட், என்வாய், பிஎஸ்ஏ நிறுவனங்கள் தொடக்க ஊதியத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின. நெருக்கடி வந்த பிறகு கொடுத்ததை முன்பே கொடுத்திருக்கலாம்.

நம் நாட்டில் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவுப்பணிக்கும் வரம்பு வைத்த விதிகள் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. தள்ளிப்போடப்பட்டு, நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. புதிய விதிகளுக்கேற்ப விமானிகள் போதாமல், டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உடனே அந்த நிறுவனத்துக்கு இரவுப்பணி விதிகளில் தற்காலிக விலக்கு தரப்பட்டது. விமானிகள் போதவில்லை என்றால் ஆள் சேர்க்க வேண்டும். இருப்பவர்களின் ஓய்வில் கை வைக்கக் கூடாது.

எதிர்வாதத்துக்கு எங்கள் பதில்

சிறு ஊர்களுக்கு மலிவான விமானச் சேவை தரும் அரசின் உடான் திட்டம் தொடங்கியபோது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டணத்துக்கு வரம்பு வைத்தது. இந்தக் கட்டணத்தில் ஊதியத்தை உயர்த்தினால் சிறு ஊர்களின் சேவையே நின்றுவிடும் என்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் நாங்கள் கேட்கும் விவரங்களை வெளியிடுவதற்குச் செலவில்லை. பயிற்சி கொடுத்த விமானி பெரிய நிறுவனத்துக்குப் போய்விட, மீண்டும் ஒருவரைத் தயாரிப்பதுதான் செலவு. மலிவான பயணம் என்பது பொதுநலன் என்றால், அதன் சுமையைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும். விமானியின் தூக்கம் ஏற்கக் கூடாது.

கோரிக்கைகள்

1. உறுதி மணிநேரம், பணிநேரத்துக்கான சராசரி ஊதியம், ஸ்டாண்ட்பை, ஓய்வு, பணிப்பட்டியல் மாற்றங்கள், பாண்டு ஆகியவற்றை ஒரே படிவத்தில் வெளியிட விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. ஆணையிட வேண்டும்.
2. மானிய வழித்தடங்களுக்கு அரசு தரும் இடைவெளி நிதியைப் பெற இந்த வெளியீடு நிபந்தனையாக வேண்டும்.
3. குறைந்த தூர, பல தரையிறக்கப் பணிகளுக்குப் பணிநேர அடிப்படையில் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும்.
4. பாண்டு, நீண்ட முன்னறிவிப்பு இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். பாண்டுத் தொகை மாதாமாதம் குறைய வேண்டும்.
5. ஓய்வு விதிகளில் தனி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கக் கூடாது.

எந்த நிறுவனம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை விமானிகளும் நிர்வாகமும் பேசித் தீர்க்கட்டும். அந்தப் பேச்சு உண்மையான எண்களின் மேல் நடக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. சிறு ஊர்ப் பயணிக்கும் பெருநகரப் பயணிக்கும் உயிர் ஒன்றுதான். அவர்களைச் சுமந்து செல்லும் விமானிகளின் ஓய்வுக்கும் உழைப்புக்கும் இரண்டு அளவுகோல் இருப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.