தேனீ வேஷம் போட்ட ஈ

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகும் தமிழர்கள், குளிர்காலத்தில் கடுகுக்கீரைக் கட்டையும் புரட்டிப் பார்ப்பதுண்டு. தண்டில் அசுவினி அப்பியிருந்தால் கட்டு கடைக்காரரிடமே திரும்பும். ஆனால் அசுவினி வீட்டுத் தொட்டிச் செடிகளையும் விடுவதில்லை. அதைத் தேடி, பிப்ரவரி வெயிலில், மஞ்சளும் கறுப்புமாய் வரி போட்ட ஒரு பூச்சி வரும். கொத்துமல்லிப் பூவுக்கு மேல் ஆணி அடித்தாற்போல் அந்தரத்தில் நிற்கும். 'தேனீ!' என்று துண்டை எடுப்பவர்களே அதிகம்.

அதற்குக் கொடுக்கே கிடையாது. ஆங்கிலத்தில் ஹோவர்ஃப்ளை, தமிழில் மிதவை ஈ எனலாம். தேனீக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டு. உணர்கொம்பு குட்டை. உலகில் சுமார் 6,000 வகைகள் உண்டு.

படம் எடுக்கக் காலை நேரம் தோது. உடம்பு சூடேறும் வரை இலையில் உட்கார்ந்திருக்கும். நிழல் விழுந்தால் போச்சு. அந்தரத்தில் நிற்கும் ஆண் ஈ விரட்டினாலும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

மேலிருந்து எடுத்த படம் அழகாக இருக்கும். பெயர் சொல்ல அது மட்டும் போதாது. முகம், பக்கவாட்டு, பின்னங்கால், இறக்கை நரம்பு எல்லாம் வேண்டும். கண்ணில் புள்ளியோ வரியோ இருந்தால் எரிஸ்டலைனஸ். வயிற்றில் தடித்த கறுப்புப் பட்டையோடு மீசைபோல் மெல்லிய கோடும் இருந்தால் எபிசிர்ஃபஸ். இதில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும் இனங்கள் உண்டு என்பதால், பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. செல்போன் செயலி தைரியமாக முழுப் பெயரும் சொல்லும். அவசரப்பட வேண்டாம்.

இந்திய இனங்களுக்கான அடிப்படை நூல் 1923ல் வந்தது. எழுதிய என்ரிகோ புரூனெட்டி, கல்கத்தாவில் வாழ்ந்த இசைக் கலைஞர்! அவர் ஆராய்ந்தது ஊசியில் குத்திய பூச்சிகளை. அவர் சொல்லும் அடையாளங்கள் பல, படத்தில் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

விபரீதம் நடப்பது புழுவின் விஷயத்தில்தான். அசுவினிக் கூட்டத்தின் நடுவே காலில்லாத, தலை கூரான புழு ஒன்று நெளியும். பார்த்ததும் மருந்தடிப்பார்கள். வளர்வதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னக்கூடிய இந்த ஈயின் பிள்ளை அது. மருந்தில் இரண்டும் சாகும். ஆண் துணையில்லாமலே குட்டி போடும் அசுவினி சில நாளில் மீண்டுவிடும். ஈ அத்தனை வேகமாக மீளாது.

புழு எந்த வகை என்று படத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். அசுவினியுள்ள இலையோடு அதை ஒரு பாட்டிலில் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைக்கலாம். கண்ணீர்த்துளி வடிவக் கூட்டுப்புழுவாக மாறும். ஒன்றிரண்டு வாரத்தில் ஈ வெளியே வரும். இறக்கை விரியும் வரை பறக்காது. கேமராவுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.